புகைச் சோதனையில் தோற்ற காருக்குப் பாகம் மாற்றும் முன் சீட்டைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புகைச் சோதனையில் தோற்ற கார் பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் 'ஃபெயில்' என்ற ஒரு வார்த்தையோடுதான் வருகிறது. எதில் ஃபெயில், எவ்வளவு கூடுதல் என்று கேட்டால் உரிமையாளரிடம் பதில் இருப்பதில்லை. அதற்குள் யாராவது ஒருவர் 'கன்வெர்ட்டர் போயிருக்கும்' என்று சொல்லியிருப்பார். புகையிலுள்ள நச்சு வாயுக்களைச் சுத்தம் செய்யும், பல ஆயிரம் ரூபாய் பாகம் அது. ஆனால் தோற்ற வண்டிகளில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பாகமும் அதுதான். சோதனைச் சீட்டில் இருக்கும் நான்கைந்து எண்களைச் சேர்த்துப் படித்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அதைத் தெளிவாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் அளவுகள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 115-இன்படி பி.எஸ். 4, பி.எஸ். 6 (பி.எஸ். என்பது பாரத் ஸ்டேஜ் புகைத் தரம்) பெட்ரோல் கார்களுக்கு ஐட்லிங்கில், அதாவது பெடலை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 200 பி.பி.எம்.மையும் (பத்து லட்சத்தில் 200 பங்கு) தாண்டக் கூடாது. அதன்பின் இன்ஜினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடவிட்டு இன்னொரு அளவு எடுப்பார்கள். அதில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள், லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும். லாம்டா என்பது காற்று, பெட்ரோல் கலவையின் அளவு: 1 என்றால் சரி, குறைந்தால் பெட்ரோல் கூடுதல், கூடினால் காற்று கூடுதல். பி.எஸ். 2, பி.எஸ். 3 கார்களுக்கு வரம்பு தளர்வானது: 0.5 சதவீதம், 750 பி.பி.எம். அதற்கும் முந்திய கார்களுக்கு 3 சதவீதம், 1,500 பி.பி.எம். உங்கள் வண்டி எந்த பி.எஸ். என்பதை ஆர்.சி.யில் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டிலும் அதுவேதான் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். 2016-இல் வாங்கிய வண்டி பி.எஸ். 3 ஆகவும் இருக்கலாம், பி.எஸ். 4 ஆகவும் இருக்கலாம். நாடு முழுவதும் பி.எஸ். 4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-இல்தான்.

இனி, சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோகும் விதம். ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ மார்கழிக் குளிரில் காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் செய்து, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மையத்தில் போய் நின்றால் நல்ல வண்டியும் தோற்கும். கன்வெர்ட்டர் ஏறத்தாழ 250, 300 டிகிரி செல்சியஸ் சூட்டை எட்டினால்தான் வேலையைத் தொடங்கும். அதுவரை இன்ஜின் விடுவதை அப்படியே வெளியே அனுப்பும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரும் குளிர்ந்த இன்ஜினுக்குக் கூடுதல் பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே, இருபது நிமிடம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு நேராக மையத்துக்குப் போங்கள். அங்கே வரிசையில் அரை மணி நேரம் இன்ஜினை அணைத்து வைத்திருந்தால், சோதனைக்கு முன் மூன்று நிமிடம் 2,500 சுற்றில் வைத்துச் சூடேற்றுங்கள். ஏ.சி.யையும் விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். சைலன்ஸருக்குள் விடும் குழாய் 30 சென்டிமீட்டர் ஆழம் போக வேண்டும். முனையில் சும்மா செருகினால் வெளிக்காற்று கலந்து எண்கள் பொய்யாகும். முதல் தடவை ஐட்லிங்கில் தோற்று, சூடேறியபின் தேறினால் வண்டியில் கோளாறு எதுவும் இல்லை.

சூடாக இருந்தும் தோற்றால் சீட்டைக் கையில் எடுங்கள். கார்பன் மோனாக்சைடு 0.6, ஹைட்ரோகார்பன் 120, லாம்டா 0.96 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கூடுதல், காற்று குறைவு என்பதே இதன் பொருள். கார்பன் மோனாக்சைடு அரைகுறையாக எரிந்த பெட்ரோலில் இருந்து வருவது. இங்கே முதலில் திறக்க வேண்டியது ஏர் பில்டர் பெட்டி. பர்கூர்ப் பக்கம் கிரானைட் லாரிகள் ஓடும் சாலையில் தினமும் போகும் காருக்கு, கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது. அதில் பாதியிலேயே மாற்றிவிடுவது நல்லது. பில்டரைத் தட்டித் துடைப்பதும் தண்ணீரில் அலசுவதும் வேண்டாம். காற்று அடிப்பதானால் சுத்தமான உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, பிரஷரைக் குறைத்து அடியுங்கள்.

பில்டர் சுத்தமாக இருந்தால் ஐட்லிங் எண்ணையும் 2,500 சுற்று எண்ணையும் ஒப்பிடுங்கள். ஐட்லிங்கில் மட்டும் கூடுதல் என்றால், ஒழுகும் இன்ஜெக்டர், மூடாமல் நிற்கும் பர்ஜ் வால்வு, அல்லது பெட்ரோல் கலந்துபோன இன்ஜின் ஆயில் காரணமாக இருக்கும். பர்ஜ் வால்வு என்பது டேங்க் ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் சின்ன வால்வு. அதற்குப் போகும் ஹோஸைக் கையால் மடக்கிப் பிடித்து அளவு எடுத்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரியும். ஆயில் டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால், சோதனைக்கு முன் ஆயிலை மாற்றுங்கள். இன்ஜின் சூட்டில் ஆயிலிலிருந்து எழும் பெட்ரோல் ஆவி மறுபடி இன்டேக் வழியாகவே உள்ளே போகிறது. இரண்டு சுற்றிலும் கூடுதல் என்றால் பெட்ரோல் பிரஷரையும் சென்சார்களையும் பார்க்க வேண்டும். மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள பழைய எம்.பி.எஃப்.ஐ. (இன்ஜெக்ஷன்) கார்களில் பிரஷர் ரெகுலேட்டரில் ஒரு மெல்லிய வேக்குவம் ஹோஸ் செருகியிருக்கும். அதைப் பிடுங்கிப் பாருங்கள். ஹோஸ் முனையில் ஈரமாகப் பெட்ரோல் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. இதற்கு ஸ்கேனர் (இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) தேவையில்லை, மூக்கே போதும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு காரணத்தையும் சொல்ல வேண்டும். சேலத்திலிருந்து தொப்பூர் மேட்டில் ஏறும்போது ஹீட் ஆகிறது என்று சொல்லும் வண்டியில், இன்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. இது பெரிய தவறு. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சமதளத்தில் 85, 90 டிகிரியை எட்டாமலே ஓடும். கூலன்ட் சென்சார் 60, 65 டிகிரி என்று சொல்லும்வரை, இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்றே கம்ப்யூட்டர் நம்பும். பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் இறங்கும், கார்பன் மோனாக்சைடு ஏறும். ஸ்கேனரில் பி 0128 என்ற கோடு (பழுதுக் குறியீடு) வந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஹீட் ஆவதற்கு உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டர், வேலை செய்யாத ஃபேன், கூலன்ட்டுக்குப் பதில் ஊற்றிய போர்வெல் தண்ணீர் ஆகியவையாக இருக்கும். ஃபுளோரைடும் உப்பும் நிறைந்த நம் ஊர்ப் போர்வெல் தண்ணீர் ரேடியேட்டருக்குள் என்ன படிய விடும் என்பதை, வீட்டுத் தண்ணீர்ப் பானையின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைச் சரிசெய்துவிட்டு, புதிய தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். கூலன்ட் சென்சாரையே சந்தேகப்பட்டால், இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்கேனரை மாட்டுங்கள். கூலன்ட் சூடும் உள்ளே போகும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் பத்து, பதினைந்து டிகிரி வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒரு சென்சார் பொய் சொல்கிறது.

அடுத்த வகை: கார்பன் மோனாக்சைடு 0.2, வரம்புக்குள். ஹைட்ரோகார்பனோ 480. ஆக்சிஜனும் கூடுதல். இது எரியாமலே வெளியே போகும் பெட்ரோல், அதாவது மிஸ்ஃபயர். பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் ஒரு துணியில் வையுங்கள். பீங்கான் முனை வெளிர் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தால் அந்த சிலிண்டர் நலம். விரலில் ஒட்டும் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கூடுதல். வழுவழுப்பான ஈரக் கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. நான்கில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தால் அந்த சிலிண்டரின் காயிலை (பிளக்குக்கு மின்பொறி தரும் பாகம்) பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி ஓட்டுங்கள். கோளாறும் காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் காயில்தான். மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும். பிளக் இடைவெளியைக் கண்மதிப்பில் வைக்காமல் ஃபீலர் கேஜ் வைத்து, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவுக்கே வையுங்கள்.

ஐட்லிங்கில் ஹைட்ரோகார்பன் கூடுதலாகவும் 2,500 சுற்றில் சரியாகவும் இருந்தால், அது பெரும்பாலும் வேக்குவம் ஹோஸ் கசிவு. ஐட்லிங்கில் இன்ஜின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதில் திருட்டுக் காற்று பெரும் பங்காகிவிடுகிறது. சுற்று ஏறினால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். கிராமப்புறத்தில் இதற்கு முதல் குற்றவாளி எலி. களத்துக்குப் பக்கத்தில் இரவெல்லாம் நிற்கும் காரில் இன்டேக் மேனிபோல்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஹோஸைக் கடித்து வைத்திருக்கும். கையை விட்டுத் தடவித்தான் பார்க்க வேண்டும். டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே உள்ளது) குறைந்து வால்வு முழுதாக மூடாமல் நின்றாலும் இதே ஹைட்ரோகார்பன் ஏறும். கேஸில் அதிகம் ஓடும் கார்களில் இதை மறக்கக் கூடாது.

மூன்றாவது, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் வரம்புக்குள் இருந்தும் லாம்டா 1.05, 1.08 என்று காட்டித் தோற்கும் வண்டி. இங்கே இன்ஜினில் கை வைக்காதீர்கள். சைலன்ஸரில் ஓட்டையும் ஃபிளாஞ்ச் கேஸ்கட்டில் கசிவும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் தடித்த துணியால் சைலன்ஸர் வாயை ஒரு நொடி அடைத்துப் பிடிக்க, இன்னொருவர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஓட்டையை வெறும் சோதனைப் பிரச்சினையாக நினைத்து விட்டுவிட வேண்டாம். மலைப்பாதை நெரிசலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏ.சி. போட்டு மணிக்கணக்கில் நிற்கும் காருக்குள், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். பின் சீட்டில் தூங்கும் குழந்தைகளுக்குத் தெரியாமலே வரும்.

ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்குகளுக்கு ஒரு வார்த்தை. கோடு படித்ததோடு நிறுத்தாமல் ஃபியூயல் டிரிம்மைப் பாருங்கள், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்று. சூடான இன்ஜினில் அது பிளஸ், மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருப்பது இயல்பு. மைனஸ் 20 காட்டி, கார்பன் மோனாக்சைடும் கூடுதல் என்றால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கப் பார்த்தும் முடியவில்லை. இன்ஜெக்டர், பர்ஜ் வால்வு, பிரஷர் என்று தேடலாம். பிளஸ் 20 காட்டி, அப்போதும் கார்பன் மோனாக்சைடு கூடுதல் என்றால் கதை வேறு. காற்று அதிகம் என்று, புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் தவறாகச் சொல்ல, கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றுகிறது. சென்சார் கெட்டிருக்கலாம், அல்லது அதற்கு முன்னால் எக்சாஸ்ட் மேனிபோல்டில் வெடிப்பு இருந்து வெளிக்காற்று சென்சாருக்குள் நுழையலாம். ஒரு சிலிண்டர் மிஸ் ஆனாலும் இதே நடக்கும். எரியாத ஆக்சிஜனைப் பார்த்து சென்சார் ஏமாறும். வெடிப்பையும் மிஸ்ஸையும் பார்க்காமல் சென்சாரை மட்டும் மாற்றினால், புதியதும் பழையது சொன்னதையே சொல்லும். சாதாரண சென்சார் சூடாக இருக்கும்போது 2,500 சுற்றில் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலோ சோம்பலாக அசைந்தாலோ அதன் காலம் முடிந்தது. சில புதிய வண்டிகளில் உள்ள வைட்பேண்ட் சென்சாருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எக்சாஸ்ட் பக்கத்திலோ இன்டேக்கிலோ கண்ட சிலிக்கான் பேஸ்ட்டையும் தடவாதீர்கள். அதன் ஆவியே சென்சாரைக் கெடுக்கும்.

இத்தனையும் சரி என்றபின்தான் கன்வெர்ட்டர். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அசையாமல் நின்றால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது. முன் சென்சாரைப் போலவே அதுவும் குதித்துக்கொண்டிருந்தால், பி 0420 கோடும் வந்தால், அது செத்துவிட்டது. ஆனால் அது தானாகச் சாவதில்லை. மிஸ் ஆகும் சிலிண்டரின் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து உள்ளிருக்கும் பீங்கானை உருக்குகிறது, அல்லது ஏறும் ஆயில் அதன் மேல் பூச்சாகப் படிகிறது. காரணத்தை விட்டுவிட்டுப் புதிய கன்வெர்ட்டர் போட்டால் அதுவும் விரைவிலேயே அதே வழியில் போகும். மைலேஜ் கூடும், பிக்கப் கூடும் என்று சொல்லி உள்ளே இருப்பதை உடைத்துக் காலி செய்து தருபவர்களை நம்பாதீர்கள். காலியான பெட்டியோடு பி.எஸ். 4 கார் 0.3 சதவீதத்துக்குள் வருவது நடக்காத காரியம்.

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்ரோலைச் சற்றுக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளும், அதனால் மட்டும் சோதனையில் தோற்காது. கார்புரேட்டர் வண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. கலவை மெலிந்து மிஸ் ஆகலாம், ஹைட்ரோகார்பன் ஏறலாம். அவற்றில் மிக்ஸர் ஸ்குரூவைக் காதால் கேட்டு வைக்காமல், கேஸ் அனலைசரைப் பார்த்துக்கொண்டே கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி வையுங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்தப் பழைய பெட்ரோலோடு சோதனைக்குப் போக வேண்டாம்.

டீசலுக்கு வேறு சோதனை. நியூட்ரலில் பெடலை முழுவதும் சட்டென்று அழுத்தி, இன்ஜின் தன் உச்சச் சுற்றை எட்டும்போது வரும் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். பி.எஸ். 4 வண்டிக்கு வரம்பு 1.62, அதற்கு முந்தியவற்றுக்கு 2.45. இன்ஜினை உச்சத்துக்குப் பல தடவை கொண்டுபோவதால், டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கிலோமீட்டரைத் தாண்டியிருந்தால் அதை மாற்றாமல் சோதனைக்கு நிற்காதீர்கள். அங்கேயே அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். ஆயில் அளவையும் பாருங்கள். டவுனுக்குள்ளேயே ஓடும் வண்டியின் சைலன்ஸரில் கரி படிந்திருக்கும். சோதனைக்கு முன் இருபது நிமிடம், மூன்றாவது கியரில் 2,500 முதல் 3,000 சுற்று வரை வைத்து நெடுஞ்சாலையில் ஓட்டினால் அது போய்விடும்.

அதன்பிறகும் கரும்புகை என்றால் ஏர் பில்டர், டர்போ ஹோஸ், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வு, இன்ஜெக்டர் என்ற வரிசையில் போங்கள். டர்போ ஹோஸ் வெடித்திருந்தால் மேட்டில் இழுக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வரும், இணைப்பில் ஆயில் கசிந்து தூசு அப்பியிருக்கும். காமன் ரெயில் இன்ஜெக்டர்களுக்கு நான்கு சிறு பாட்டில்களில் ரிட்டர்ன் டீசலைப் பிடித்து ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் அளவு கூடுதலாகச் சேர்ந்தால் அந்த இன்ஜெக்டரைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்ப வேண்டும். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி ஏற்றும் பழைய பிக்கப்களில் இழுவைக்காகப் பம்பில் சீலை உடைத்து டீசலைக் கூட்டி வைப்பது வழக்கம். அந்தக் கரும்புகை எரியாமல் போகும் டீசல்தான், இழுவையாக மாறியது அதில் சொற்பம். பம்பைப் பெஞ்சில் வைத்துக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவராமல் அந்த வண்டியைத் தேற்ற முடியாது. பி.எஸ். 6 டீசலில் டி.பி.எஃப். (கரியைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு எரிந்தால் அணைக்க வழி தேடாமல், 60 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள், அது தானே கரியை எரித்துக்கொள்ளும். டி.பி.எஃப். வண்டிக்கென்று உள்ள சாம்பல் குறைந்த ஆயிலைத் தவிர வேறு ஊற்றக் கூடாது.

புகைச் சோதனை மையங்களுக்கும் போக்குவரத்துத் துறைக்கும் எங்கள் கோரிக்கை ஒன்று உண்டு. தோற்ற வண்டிக்கும் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன், கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன், லாம்டா என்று எல்லா எண்களையும், ஐட்லிங், 2,500 சுற்று இரண்டிலும், அச்சிட்டுக் கையில் கொடுங்கள். தேறியவருக்குச் சான்றிதழ் போதும். எண்கள் தேவைப்படுவது தோற்றவருக்குத்தான். சான்றிதழ் இல்லாமல் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு என்று சட்டம் கடுமையாக இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் பலர் வேறு வண்டியின் சைலன்ஸரில் குழாயைச் செருகிச் சான்றிதழ் வாங்கப் பார்க்கிறார்கள். எண்ணைக் கையில் கொடுத்தால், சில நூறு ரூபாய் ஏர் பில்டரிலோ ஒரு ஹோஸிலோ முடியும் வேலைக்கு யாரும் அந்த வழியில் போக மாட்டார்கள்.

பழுது பார்த்தபின் உடனே மையத்துக்கு ஓட வேண்டாம். பேட்டரி கழற்றியிருந்தாலோ கோடு அழித்திருந்தாலோ கம்ப்யூட்டர் கற்றுவைத்த அளவுகள் மறைந்திருக்கும். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போய்த் திரும்பும் தூரமாவது ஓட்டி, கோடு மறுபடி வரவில்லை என்று பார்த்துவிட்டு, சூடு ஆறும் முன் சோதனைக்கு நில்லுங்கள். பழைய சீட்டையும் கையில் வைத்திருங்கள். எந்த எண் எவ்வளவு இறங்கியது என்று புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக்குகள் சிலர்,
தருமபுரி.